ஊசி அட்டையை முதலில் பாருங்கள்: ஒரு நாய்க்குட்டி, ஒரு பூனை, நடுவில் பார்வோ

நாய்க்குட்டி வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், என்ன இனம், என்ன நிறம் என்று நான் கேட்பதில்லை. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதா, நடுராத்திரியில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று தெரியுமா, இந்த இரண்டைத்தான் கேட்கிறேன். பலருக்கு முகம் மாறிவிடும். சந்தோஷமான செய்தி சொல்ல வந்தால் இதென்ன அபசகுனம் என்று நினைப்பார்கள் போல. பரவாயில்லை. பொம்மி என்கிற என் நாய்க்குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன் இந்த இரண்டு கேள்வியையும் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் என் சேமிப்பில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும், அவளும் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாள்.

நான் தனியாக வசிக்கிறேன். பல வருடமாகக் கூட இருப்பது மிட்டு என்கிற ஆண் பூனை மட்டும்தான். பூனையோடு வாழ்ந்து பழகியவர்களுக்குத் தெரியும், அது நம்மை வளர்க்கிறதா, நாம் அதை வளர்க்கிறோமா என்ற சந்தேகம் அடிக்கடி வரும். மிட்டு பெரும்பாலும் தன் வேலையைப் பார்த்துக்கொள்வான். மடியில் ஏறுவது அவனுக்குத் தோன்றினால் மட்டும். இதனாலேயே எனக்கு ஒரு தப்பான தைரியம் வந்திருக்கலாம். ஒரு பிராணியைச் சமாளிக்கிறோம், இன்னொன்றும் வந்தால் என்ன என்று நினைத்தேன். வாசலில் காத்திருந்து வாலாட்டி வரவேற்க ஒரு ஜீவன் வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாகவே இருந்தது.

குட்டிகளை விற்றவர் பேச்சில் கெட்டிக்காரர். எட்டு வாரக் குட்டி, எல்லா ஊசியும் போட்டாச்சு, பூச்சி மருந்தும் கொடுத்தாச்சு என்று மூச்சுவிடாமல் சொன்னார். ஒரு அட்டையும் கையில் கொடுத்தார். அதில் பேனாவால் ஒரு தேதி, பக்கத்தில் ஒரு கிறுக்கல் கையெழுத்து, அவ்வளவுதான். என்ன ஊசி, எந்த நிறுவனம், எந்த பேட்ச், எதுவும் இல்லை. தாய் நாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது வேறு இடத்தில் இருக்கிறது என்றார். இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தடுப்பூசிக் குப்பியில் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். ஊசி போடும் மருத்துவர் வழக்கமாக அதை உரித்து அட்டையில் ஒட்டித் தன் முத்திரையோடு கையெழுத்திடுவார். வெறும் தேதி மட்டும் இருந்தால் ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. தாயைக் காட்ட மறுத்தால் திரும்பி நடந்துவிடலாம். குட்டி நன்றாக வளர்ந்த இடம் என்றால் தாயும் மற்ற குட்டிகளும் அங்கேயே இருக்கும், சுத்தம் எப்படி என்பதும் கண்ணில் படும்.

அட்டையைப் பார்த்ததும் எனக்கும் உறுத்தியது. ஆனால் அதற்குள் அவள் என் சட்டைப் பொத்தானைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி நடக்க முடியவில்லை. மிட்டுவைப் பார்க்கும் டாக்டரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

அந்த முதல் சில நாட்களைப் பற்றி எழுதாமல் போனால் நியாயமில்லை. நான் நடந்தால் என் குதிகாலைத் துரத்துவாள், நின்றால் பாதத்தின் மேல் தலைவைத்துத் தூங்கிவிடுவாள். கனவில் கால்கள் ஓடும், சின்னதாகக் குரைப்புச் சத்தம் வரும். குட்டிகளுக்கென்றே ஒரு வாய் மணம் உண்டு, வளர்த்தவர்களுக்கு மட்டும் அது புரியும். மிட்டு அலமாரியின் மேல்தட்டில் குடியேறி, அங்கிருந்து எங்கள் இருவரையும் சமமாக வெறுத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து அவளை வெளியே கொண்டுபோய் ஒன்றுக்கு விட்டு வருவேன். கண் எரியும். இருந்தாலும் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி வீட்டுக்குப் போகும் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படி எண்ணிப் பல வருடமாகியிருந்தது.

அப்புறம் ஒரு மாலை அவள் சாப்பிடவில்லை. தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். புது இடம், ஏக்கமாக இருக்கும் என்று விட்டேன். இருட்டிய பிறகு வாந்தி எடுத்தாள். முதலில் சாப்பிட்டது வந்தது, பிறகு வெள்ளை நுரை, பிறகு மஞ்சள் நீர். நடுராத்திரி நெருங்கும்போது வயிற்றுப்போக்கு. அதில் ரத்தம் கலந்திருந்தது. அந்த நாற்றத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. காலையில் வீட்டையே புரட்டிப் போட்டவள், தரையில் பக்கவாட்டில் படுத்துக் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

மிட்டுவின் டாக்டர் மாலையோடு மூடிவிடுவார். போனை எடுக்கவில்லை. இணையத்தில் தேடினால் ஒருவர் மஞ்சள் கொடு என்கிறார், இன்னொருவர் பட்டினி போடு என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு எழுந்து வந்தார். நல்ல மனசுதான், கையில் காய்ச்சல் மாத்திரையோடு வந்தார். "பாதி மாத்திரை உடைச்சுக் குடுங்க, சூடு இறங்கும்" என்றார். மிட்டு குட்டியாக இருந்தபோது அவனுடைய டாக்டர் மிரட்டி வைத்திருந்ததால் மறுத்துவிட்டேன். இதை எல்லோரும் மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்: நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதைச் செரித்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை, ஒரே ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். நாய்க்கும் அளவு கொஞ்சம் தப்பினால் ஆபத்து. ஐபுப்ரோஃபென் நாய், பூனை இரண்டுக்குமே வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மனிதர்களுக்கான மாத்திரை எதையும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருத்துவமனையைக் கண்டுபிடிக்கவே நெடுநேரம் ஆனது. தேடலில் வந்த பல எண்கள் வேலை செய்யவில்லை, சிலர் நாய் பார்ப்பதில்லை என்றார்கள், ஒரு இடத்தில் காலை வரை காத்திருக்கச் சொன்னார்கள். வாடகை வண்டி ஓட்டுநர்கள் துண்டில் சுற்றிய குட்டியைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம்கூட இல்லை, ஆத்திரம். விற்றவர் மேல், உலகத்தின் மேல், இப்படி ஒரு நேரத்தில் கூப்பிட ஒரு ஆள் இல்லாமல் வாழ்கிற என் மேல். நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது இது: இரவில் பார்க்கும் மருத்துவமனையைப் பகலில் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். நாய் பார்ப்பார்களா, பூனை பார்ப்பார்களா, படுக்க வைத்துச் சிகிச்சை தரும் வசதி உண்டா, தொற்று நோய்க்குத் தனி அறை உண்டா என்று கேளுங்கள். பிராணியை ஏற்றிக்கொள்ளும் ஒரு வண்டிக்காரரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற வழியில் நான் பார்த்திருக்க வேண்டிய சில அடையாளங்களை டாக்டர் பின்னால் சொல்லிக் கொடுத்தார். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, 2 வினாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். அதற்கு மேல் ஆனாலோ, ஈறே வெளுத்திருந்தாலோ உடனே ஓட வேண்டும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் சட்டென்று இறங்க வேண்டும். மடிப்பாகவே நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். நாய்க்கும் பூனைக்கும் உடல்சூடு நம்மைவிட அதிகம், கிட்டத்தட்ட 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. மூக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் உதவாது. இதையெல்லாம் பிராணி நன்றாக இருக்கும்போதே செய்து பழகினால்தான் நெருக்கடியில் வித்தியாசம் தெரியும்.

மருத்துவமனையில் பஞ்சுக் குச்சியில் மலத்தைத் தொட்டு ஒரு சின்னப் பட்டையில் வைத்தார்கள். சில நிமிடங்களில் இரண்டு கோடு விழுந்தது. பார்வோ. அந்தப் பெயரை அதற்கு முன் நான் அட்டைகளில் மட்டும் பார்த்திருந்தேன். 1978-ஆம் ஆண்டுவாக்கில் திடீரென்று உலகம் முழுக்கப் பரவி எண்ணற்ற நாய்களைக் கொன்ற வைரஸ் இது. உடம்பில் எந்தச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அவற்றைத் தேடிப்பிடிக்கும். குட்டியிடம் அப்படி வேகமாகப் பெருகுவது குடலின் உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும். குடல் சுவர் உரிந்துபோவதால் ரத்தம் போகிறது, குடலில் இருக்கும் கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைகின்றன. அதே நேரம் மஜ்ஜை அடிபடுவதால் அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களும் குறைந்துவிடுகின்றன. "குடிச்சுட்டா சரியாகும்னு இதுக்குத் தனியா ஒரு மருந்து இல்லைங்க. அவ உடம்பு ஜெயிக்கிற வரைக்கும் நாம தாங்கிப் பிடிக்கணும்" என்றார் டாக்டர். முன்னங்காலில் சிரை வழியே திரவம், வாந்தியை நிறுத்த ஊசி, கிருமி எதிர்ப்பு மருந்து, சர்க்கரை அளவும் உப்பு அளவும் சரிபார்ப்பது. வாந்தி கொஞ்சம் அடங்கியதும் சீக்கிரமே சிறிது சிறிதாக உணவைத் தொடங்குவது. பட்டினி போட்டால் குடல் ஆறும் என்பது பழைய எண்ணம், உணவு உள்ளே போனால்தான் குடல் சுவர் சீக்கிரம் சேரும் என்று அவர் விளக்கினார். சிகிச்சை இல்லாமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும், மருத்துவமனையில் முழுச் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். நடுவில் இருக்கிற வித்தியாசம் எத்தனை சீக்கிரம் வந்தோம் என்பதும் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதும்தான்.

பணப் பேச்சு அங்கேயே வந்தது. முன்பணம் கட்டினால்தான் சேர்க்க முடியும். ஒரு நாள் செலவைக் கேட்டதும் அதை எத்தனை நாளால் பெருக்குவது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. உள்ளே ஒரு குட்டி துடித்துக்கொண்டிருக்க, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து வங்கி இருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. இப்போது அப்படி நினைப்பதில்லை. பணம் எண்ணுவது பாசக்குறைவு கிடையாது. டாக்டர்கள் தினமும் இதைப் பார்க்கிறவர்கள். "என்னால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் எது மிக முக்கியமோ அதைச் செய்யுங்கள்" என்று முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட்டால், பல இடங்களில் அதற்கேற்ற வழி சொல்வார்கள். நிலைமை ஓரளவு லேசாக இருந்தால் தினமும் கூட்டிவந்து திரவம் ஏற்றிக்கொண்டு போகும் ஏற்பாடும் உண்டு. உத்தேசச் செலவை எழுதி வாங்குங்கள். தினம் காலையில் அன்றைய பில்லைக் கேளுங்கள். நான் முதல் இரண்டு நாள் கேட்கக் கூச்சப்பட்டேன், மூன்றாம் நாள் பார்த்தபோது தலை சுற்றியது. கடைசியில் குட்டிக்குக் கொடுத்த விலையைப் போலப் பல மடங்கு செலவாகிவிட்டது. அவசரத்துக்கென்று வைத்திருந்த பணம் காலி, மீதியைக் கிரெடிட் கார்டில் போட்டு மாதக்கணக்கில் அடைத்தேன்.

விற்றவருக்கு முதல் நாளே போன் செய்தேன். "எங்க கிட்ட இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய வழக்கமாக 3 முதல் 7 நாள் ஆகும் என்றும், இவள் வந்து இத்தனை நாளில் விழுந்திருப்பதைப் பார்த்தால் அங்கேயே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம் என்றும் டாக்டர் சொன்னார். ஆனால் அதை வைத்து நான் என்ன செய்ய முடியும்? எழுத்தில் எதுவும் இல்லை. வாங்கும்போது ரசீது, குட்டியின் பிறந்த தேதி, குறிப்பிட்ட நாட்களுக்குள் நோய் வந்தால் என்ன பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தால் பேசவாவது இடம் இருந்திருக்கும்.

ஊசி பற்றியும் எனக்கு இருந்த பாதிப் புரிதலை டாக்டர் சரி செய்தார். ஒரு ஊசி போட்டுவிட்டால் குட்டி பாதுகாப்பாக இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறோம். பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வருகிறது. அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் அது செயலிழக்கச் செய்துவிடும். ஒவ்வொரு குட்டிக்கும் அது ஒவ்வொரு வயதில் தீர்ந்துபோகும், எப்போது என்று வெளியே இருந்து தெரியாது. அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் ஆரம்பித்து, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசிதான் மிக முக்கியம், அதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு வருடத்தில் ஒரு பூஸ்டர். ரேபிஸ் ஊசி தனி, வழக்கமாக 12 வார வயதில் தொடங்கும். அதைத் தள்ளிப்போடவே கூடாது, ஏனென்றால் ரேபிஸ் வந்தபின் நாய்க்கும் மனிதருக்கும் மீட்சி கிட்டத்தட்ட இல்லை. விளையாட்டாகப் பல் பட்டாலும்கூட, நாய்க்கு ஊசி சரியாக இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் முதலில் காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அதற்காக ஊசி முடியும்வரை குட்டியை அறைக்குள் பூட்டி வைப்பதும் தப்பு. 3 முதல் 14 வார வயதுக்குள் பார்க்கும் மனிதர்கள், சத்தங்கள், வண்டிகள்தான் பிறகு அது பயந்தாங்கொள்ளியாக வளருமா இல்லையா என்பதை முடிவு செய்கின்றன. தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். பல நாய்கள் வந்துபோகும் தரையில் மட்டும் இறக்கிவிடாதீர்கள். ஊசி சரியாகப் போட்ட, நல்ல குணமுள்ள நாய் இருக்கும் வீடுகளுக்குக் கூட்டிப்போகலாம்.

மருத்துவமனையில் இருந்து வந்தால் வீட்டில் இன்னொரு போர். டாக்டர் கேட்ட கேள்வி ஒன்று வயிற்றைக் கலக்கிவிட்டது: "வீட்ல பூனை இருக்கா? அதுக்கு ஊசி போட்டிருக்கா?" பூனைகளுக்கு வரும் பான்லுக்கோபீனியா என்னும் கொடிய நோயின் வைரஸும் இதுவும் நெருங்கிய உறவு. இப்போது பரவும் நாய்ப் பார்வோ வகைகள் பூனையையும் தொற்றக் கூடியவை. நல்லவேளை, மிட்டுவின் ஊசி எதுவும் தவறவில்லை. அவனுடைய அட்டையைத் தேடி எடுத்து ஸ்டிக்கர்களைத் தடவிப் பார்த்தபோதுதான் அந்த வாரத்தில் முதல்முறை மூச்சு சீராக வந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு எதற்கு ஊசி என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கிருமி நம் செருப்பில் ஏறி வரும்.

இந்த வைரஸ் லேசில் சாகாது. நிழலான ஈரமான இடத்தில் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட இருக்கும். சோப்பு, ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பான், வாசனைத் தரைத்திரவம் எதுவும் அதை ஒழிக்காது. வேலை செய்வது பிளீச். முதலில் அழுக்கை முழுக்கக் கழுவி எடுக்க வேண்டும், அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் வீண். பிறகு வீட்டு பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, பரப்பு ஈரமாகவே 10 நிமிடம் இருக்கும்படி விட்டுப் பிறகு நன்றாக அலச வேண்டும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சிறுநீர் கிடக்கும் இடத்தில் நேராக பிளீச் ஊற்றாதீர்கள், அமோனியாவோடு சேர்ந்து நச்சுப் புகை கிளம்பும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடும் சேர்க்கவே கூடாது. துணிப்படுக்கை, மரத்தட்டு, பஞ்சு பொம்மை எல்லாவற்றையும் கட்டித் தூக்கிப் போட்டேன். அவளுக்கென்று ஆசையாக வாங்கிய மெத்தை ஒரு வாரம்கூட உழைக்கவில்லை.

அந்த அமளியில் மிட்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். வீடெல்லாம் பிளீச் நெடி, நான் வீட்டிலேயே இல்லை, பூனைக்கு இது போதாதா. கோபத்தில் இருக்கிறான், பசித்தால் சாப்பிடுவான் என்றுதான் யாருக்கும் தோன்றும். பூனை விஷயத்தில் அது செல்லாது. சில நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் உடலில் உள்ள கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும், குண்டான பூனைக்கு இன்னும் சீக்கிரம். ஒரு முழு நாள் சாப்பிடவில்லை என்றாலே டாக்டரிடம் கேட்க வேண்டும். சாப்பாட்டைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, நாற்றமில்லாத அறையில் அவனோடு தரையில் உட்கார்ந்து ஊட்டினேன். ஆண் பூனை வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மணல் தொட்டிக்கு அடிக்கடி போய் முக்குகிறது, கத்துகிறது, சொட்டு சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை என்றால் அதை மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அலுவலகத்தில் புரிந்துகொள்வார்கள். நாய்க்குட்டி என்றால் எதிரில் இருப்பவர் சிரிப்பை அடக்குவது தெரியும். ஒருவர் "இன்னொண்ணு வாங்கிக்கலாமே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கும் பதில் சொல்லத் தெம்பில்லை. அந்த வருட விடுப்பில் பெரும்பகுதி அங்கேயே கரைந்தது. தொற்று அறை என்பதால் கண்ணாடிக்கு வெளியே இருந்துதான் பார்க்க விட்டார்கள். கழுத்தில் கூம்பு, காலில் பட்டை, என்னைப் பார்த்தாலும் தலையைத் தூக்க மாட்டாள். பிறகு ஒரு காலை, செவிலியர் தட்டை உள்ளே வைத்ததும் வால் நுனி மட்டும் அசைந்தது. மறுநாள் தட்டைக் காலி செய்துவிட்டுக் குரைத்தாளாம், அந்த வார்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

வீட்டுக்கு வந்தவள் பாதி உடம்பாக இருந்தாள். முதுகெலும்பு எண்ணலாம். சின்னச் சின்ன அளவாக, எளிதில் செரிக்கும் உணவாக ஒரு நாளைக்குப் பலமுறை கொடுக்கச் சொன்னார்கள். பிழைத்த குட்டியும் இரண்டு வாரம்வரை, சில நேரம் அதற்கு மேலும் மலத்தில் வைரஸை வெளியே விடும். அதனால் பொதுவழியில் நடக்க விடாமல் ஒரே மூலையில் போகவிட்டு, உடனே எடுத்துச் சுத்தம் செய்தேன். அக்கம்பக்கத்தில் நாய் வைத்திருப்பவர்களிடம் நானே போய்ச் சொன்னேன். ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், மற்றவர்கள் தங்கள் நாயின் அட்டையைத் தேட ஓடினார்கள். வீட்டில் பார்வோ வந்து ஒரு குட்டி இறந்திருந்தால் அடுத்ததாக ஊசி முடியாத குட்டியைக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. பல மாதம் பொறுக்க வேண்டும், அல்லது ஊசியெல்லாம் முடிந்த வளர்ந்த நாயாக எடுக்கலாம். என்னைக் கேட்டால் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு வளர்ந்த நாய்தான் நல்லது. காப்பகங்களில் குணம் தெரிந்த, பழகிய நாய்கள் காத்திருக்கின்றன. குட்டி அழகுதான், ஆனால் அந்த அழகு சில மாதத்தில் முடிந்துவிடும், நாய் பத்துப் பதிமூன்று வருடம் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்ட பூனை இன்னும் கூடுதலாக.

ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் மருந்துகளில் கவனம். நாயின் கழுத்தில் விடும் உண்ணி மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனைக்கு வலிப்பு வரவழைத்துக் கொன்றுவிடும். நாய்க்குப் போட்டுவிட்டுக் காய்வதற்கு முன் பூனையை அருகில் விட்டாலும் ஆபத்து. நாயின் உணவைப் பூனைக்குத் தொடர்ந்து கொடுப்பதும் கூடாது, பூனைக்குக் கட்டாயம் தேவைப்படும் டாரின் என்கிற சத்து அதில் போதாது, கண்ணும் இதயமும் கெடும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லாத மிட்டாய்கள் எல்லாம் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பூனை இருக்கும் வீட்டில் லில்லிப் பூ வேண்டவே வேண்டாம், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். மணல் தொட்டியை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள், ஏன் என்பதை நாய் வளர்ப்பவர்கள் சீக்கிரமே கண்டுபிடிப்பார்கள்.

அவள் தேறிய பிறகு நான் முதலில் செய்தது சம்பளம் வந்ததும் ஒரு சிறு தொகை தனிக் கணக்கில் தானாகப் போகும்படி வைத்தது. காப்பீடும் விசாரித்தேன். எடுப்பதாக இருந்தால் பிராணி ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஏற்கெனவே வந்த நோய்க்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள், தொடக்கத்தில் காத்திருப்புக் காலமும் இருக்கும். கருத்தடை அறுவைக்கும் அந்தக் கணக்கிலிருந்துதான் எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். மாத்திரை யோசனையைத் தவிர அவரிடம் எந்தக் குறையும் இல்லை, இப்போது அதையும் விட்டுவிட்டார். கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: யார் என்ன சாப்பிடும், எந்த டாக்டர், இரவு எங்கே போக வேண்டும், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இரண்டையும் யார் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தனியாக வாழ்பவர்கள் இந்தக் கடைசி வரியைக் குட்டி வருவதற்கு முன்பே எழுத வேண்டும். எழுத ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும்வரை குட்டி காத்திருக்கட்டும்.

மிட்டுவும் பொம்மியும் நண்பர்கள் ஆனார்களா என்று கேட்பார்கள். உடன்படிக்கை செய்துகொண்டார்கள் என்று சொல்லலாம். முதலில் தனித்தனி அறை, பிறகு ஒருவர் படுத்த துணியை இன்னொருவருக்கு முகரக் கொடுத்தது, பிறகு அவளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தூரத்தில் இருந்து பார்க்கவிட்டது, இப்படி வாரக்கணக்கில் மெதுவாகத்தான் போனது. அவன் ஏறித் தப்பிக்க எப்போதும் உயரமான இடம் ஒன்று விட்டு வைத்தேன். இப்போது அவள் அவனைவிட மூன்று மடங்கு பெரியவள், ஆனாலும் அவன் வழியில் உட்கார்ந்திருந்தால் சுற்றிக்கொண்டுதான் போவாள். அவளுடைய பூஸ்டர் அடுத்த மாதம். இந்தமுறை குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் போட விடுவேன் என்று சொன்னதற்கு டாக்டர் சிரித்தார். ஸ்டிக்கரை நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார்.